கைக்கு ஒத்துவரும் கேம் கண்ட்ரோலரைப் பார்த்து வாங்குவது எப்படி

கண்ட்ரோலர் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும், எத்தனை மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் சிக்னல் எடுக்கும், எத்தனை நிறத்தில் விளக்கு எரியும் என்றெல்லாம் இருக்கும். பிடி எவ்வளவு தடிமன், ட்ரிக்கரை (ஆட்காட்டி விரலால் இழுக்கும் முன்பக்கப் பட்டன்) அழுத்த எவ்வளவு பலம் வேண்டும், ஸ்டிக் (கட்டைவிரலால் நகர்த்தும் குச்சி) எவ்வளவு உயரம் என்று ஒரு வரிகூட இருக்காது. கை வலிக்குமா வலிக்காதா என்பதைத் தீர்மானிப்பது இவைதான். கடையில் போய்ப் பார்க்கலாம் என்றால் சீல் பிரிக்காத பெட்டிதான் கண்ணாடி அலமாரியில் இருக்கும். ஆன்லைனில் 'பிடிக்க சூப்பர்' என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தவரின் கை உங்கள் கையைவிட இரண்டு செ.மீ. நீளமாக இருக்கலாம். விலையும் உதவாது. ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கியது கையைக் கடிப்பதும், அதில் பாதி விலைக்கு வாங்கியது கச்சிதமாக உட்காருவதும் சகஜம்.

அதனால் கண்ட்ரோலரைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் கையை அளந்துவிடுங்கள்.

கையை அளப்பது

உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மேசைமேல் விரித்து வையுங்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேலை வைத்து அளக்கவும். 17 செ.மீ.க்குக் கீழே என்றால் சின்னக் கை, 17 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிய கை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்கள் தொடங்கும் இடத்தில் உள்ளங்கையின் அகலத்தை அளக்கவும். பிடிக்குக் கீழே எத்தனை விரல் அடங்கும் என்பதை இந்த அகலம் சொல்லும். ஒல்லியான நீளக் கையும் அகலமான குட்டைக் கையும் ஒரே கண்ட்ரோலரை ஒரே மாதிரி பிடிப்பதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம், அதற்கு ஸ்கேல் தேவையில்லை. வழக்கமாக விளையாடும் இடத்தில் உட்கார்ந்து, முன்கைகளைத் தொடைமேல் தளர்வாக வைத்து, கண்ட்ரோலரைப் பிடித்திருப்பதுபோல் விரல்களை மடக்குங்கள். கட்டைவிரல் தானாக எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது மேல்நோக்கி, லேசாக உள்பக்கம் சாய்ந்து நிற்கும். கட்டைவிரல் ஓய்வாக இருக்கும் இடம் அதுதான். அதிக நேரம் எந்தக் கருவியில் விரல் இருக்குமோ, அந்தக் கருவி அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

ஸ்டிக் எங்கே இருக்கிறது

எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரிலும் நின்டெண்டோ ஸ்விட்ச் ப்ரோவிலும் இடது ஸ்டிக் மேலே, டி-பேட் (நான்கு திசைக்கான கூட்டல் குறி வடிவப் பட்டன்) கீழே. சோனியின் பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர்களில் டி-பேட் மேலே, இரண்டு ஸ்டிக்கும் கீழே அக்கம்பக்கமாக. 1997இல் வந்த டூயல் அனலாக் காலத்திலிருந்து சோனி இந்த அமைப்பை மாற்றவில்லை.

எது நல்லது என்ற சண்டைக்கு முடிவே இல்லை. ஆனால் எது உங்களுக்கு என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் விளையாடுவது பெரும்பாலும் கால்பந்து, கார் ரேஸ், ஓப்பன் வேர்ல்டு என்றால் இடது கட்டைவிரல் நாள் முழுக்க ஸ்டிக்மேலேயே இருக்கும். ஸ்டிக் மேலே உள்ள அமைப்பு விரலை மடக்க வைக்காது. சண்டை விளையாட்டும் 2டி விளையாட்டும் அதிகம் என்றால் டி-பேட் மேலே இருப்பதுதான் வசதி. நீளக் கட்டைவிரல் உள்ளவர்கள் சோனி அமைப்பில் விரலை உள்ளே மடக்கி, நுனியால் ஸ்டிக்கைத் தள்ள வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் கட்டைவிரலின் அடிப்பகுதி, மணிக்கட்டை ஒட்டிய இடம், கனக்க ஆரம்பிக்கும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் வலது கட்டைவிரல் எந்த அமைப்பிலும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் அங்கே இரண்டு அமைப்புக்கும் வித்தியாசம் பாதிதான்.

அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பிளேஸ்டேஷன் 5இன் (பிஎஸ்5) கண்ட்ரோலரான டூயல்சென்ஸ் ஏறத்தாழ 160 மி.மீ. அகலம், 106 நீளம், 66 உயரம், 280 கிராம். அதற்கு முந்தைய, பிஎஸ்4இன் டூயல்ஷாக் 4 அகலத்தில் இன்னும் கொஞ்சம் அதிகம், 162 மி.மீ.; ஆனால் உயரம் 52தான், எடை 210 கிராம். ஸ்விட்ச் ப்ரோ 152 மி.மீ. அகலம், 246 கிராம். 2020இல் வந்த எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் சுமார் 153 மி.மீ. அகலம், இரண்டு ஏஏ பேட்டரியோடு 287 கிராம். இதில் கவனிக்க வேண்டியது அகலத்தை அல்ல, உயரத்தையும் எடையையும். சின்னக் கைக்காரர்கள் பலருக்கு டூயல்ஷாக் 4 பிடித்துப்போய், டூயல்சென்ஸ் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அந்த 14 மி.மீ. உயரமும் 70 கிராம் எடையும்தான். 'எலைட்', 'எட்ஜ்' போன்ற விலை கூடிய வகைகள் இன்னும் கனம்: எக்ஸ்பாக்ஸ் எலைட் 2இன் எடை 345 கிராம், டூயல்சென்ஸ் எட்ஜ் 325 கிராம். வசதிக்காக அதிகப் பணம் கொடுத்து, மணிக்கட்டில் கூடுதல் பாரத்தை ஏற்றிக்கொள்கிறோம்.

எந்த விரல் வலிக்கிறது?

ஏற்கெனவே ஒரு கண்ட்ரோலர் வைத்திருந்து அது ஒத்துவராமல் அடுத்ததைத் தேடுகிறீர்கள் என்றால், வலிக்கும் இடமே நல்ல வழிகாட்டி.

ஆட்காட்டி விரலின் கணு வலித்தால் ட்ரிக்கர் காரணம். ஸ்பிரிங் கடினமாக இருக்கலாம், அல்லது பிடி தடிமனாக இருப்பதால் விரல் நுனி மட்டுமே ட்ரிக்கரைத் தொடலாம். ஆட்காட்டி விரலின் நுனிப்பகுதி முழுதும், முதல் மடிப்பு வரை, ட்ரிக்கர்மேல் படுத்திருக்க வேண்டும். நுனியால் இழுத்தால் அதே வேலைக்கு அதிக பலம் போகும். டூயல்சென்ஸில் ட்ரிக்கர் இறுகுவது விளையாட்டே செய்யும் வேலை. பிஎஸ்5 செட்டிங்ஸில் அக்சஸரீஸ் பகுதிக்குப் போய் ட்ரிக்கர் எஃபெக்டைக் குறைக்கலாம், முழுதாக அணைக்கவும் செய்யலாம். புதிது வாங்கும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

நடுவிரலின் பக்கவாட்டில் சிவந்து கோடு விழுந்தால், கண்ட்ரோலரின் மேல் மூடியும் கீழ் மூடியும் சேரும் இணைப்பைப் பாருங்கள். எடையைத் தாங்குவது நடுவிரல்தான். அந்த விரல் படும் இடத்தில் பிளாஸ்டிக் விளிம்பு சரியாகத் தேய்க்கப்படாமல் இருந்தால் தோலை அறுக்கும். நகத்தை அந்த இணைப்பின் குறுக்கே மெதுவாக இழுத்தால் தெரிந்துவிடும்: நல்ல தயாரிப்பில் நகம் வழுக்கிப் போகும், மோசமானதில் 'டிக்' என்று மாட்டும். விலை குறைந்த கண்ட்ரோலர்களில் மிகச் சாதாரணமான குறை இது. படத்தில் தெரியாது, கையில் எடுத்தால்தான் தெரியும்.

மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் அவசரப்பட்டுக் கண்ட்ரோலரை மாற்ற வேண்டாம். அந்த இரண்டு விரலுக்கும் போகும் நரம்பு முழங்கையின் உள்பக்கமாக ஓடுகிறது. நாற்காலிக் கையின் கடினமான விளிம்பில் முழங்கையை ஊன்றி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் மரத்துப்போகும். முதலில் ஒரு தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் முன்கைகளைத் தாங்கி ஒரு வாரம் விளையாடிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால், பிடி குட்டையாக இருந்து சுண்டுவிரல் பிடிமானமில்லாமல் இறுகுகிறதா என்று பாருங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து மரத்துப்போவதும், விளையாடாத நேரத்திலும் வலி இருப்பதும் வேறு விஷயம். அதற்கு மருத்துவரைப் பாருங்கள். எந்தக் கண்ட்ரோலரும் அதைத் தீர்க்காது.

ஸ்டிக்கும் டிரிஃப்ட்டும்

ஹால் எஃபெக்ட் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருந்தால் அது வசதிக்கான உத்தரவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆயுளுக்கான விஷயம். சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றின் வழக்கமான கண்ட்ரோலர்களிலும் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர் ஸ்டிக்: உள்ளே ஒரு உலோகத் தொடுமுனை கார்பன் பாதையின்மேல் தேய்ந்துகொண்டே இருக்கும். பாதை தேய்ந்தாலோ, தூசி சேர்ந்தாலோ, நடுவுக்குத் திரும்பும் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, விரலை எடுத்த பிறகும் கேமரா தானாக நகரும். இதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். ஹால் எஃபெக்ட், டிஎம்ஆர் ஸ்டிக்குகளில் காந்தமும் சென்சாரும் ஒன்றையொன்று தொடாமலே வேலை செய்வதால் அந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் ஸ்பிரிங் அங்கேயும் உண்டு. அது எவ்வளவு கடினம் என்பதுதான் கட்டைவிரலுக்குத் தெரியும்.

இந்த அளவையும் யாரும் அச்சிடுவதில்லை. கையில் எடுத்ததும் இப்படிச் சோதிக்கலாம்: கட்டைவிரல் நுனியை ஸ்டிக்கின் உச்சியில் வைத்து முழு வட்டமாகப் பத்து முறை மெதுவாகச் சுற்றுங்கள். கடைசி இரண்டு சுற்றில் கட்டைவிரலின் அடித்தசை இறுகுவது தெரிந்தால் அந்த ஸ்டிக் உங்களுக்குக் கடினம். வட்டத்தின் எந்த இடத்திலாவது விரல் ஸ்டிக்கைவிட்டு நழுவினால் உச்சி மிக உயரமாகவோ, சொரசொரப்புப் போதாமலோ இருக்கிறது. சொரசொரப்பை ரப்பர் மூடி போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் மூடி ஒவ்வொன்றும் ஓரிரு மி.மீ. உயரத்தைக் கூட்டும் என்பதால் சின்னக் கைக்கு அது எதிர்விளைவாகவே முடியும்.

வாங்கும் முன் பொருத்தம்

கைக்குப் பொருந்தியும் மெஷினுக்குப் பொருந்தாவிட்டால் பணம் வீண். பிஎஸ்5 விளையாட்டுகளை டூயல்ஷாக் 4 வைத்து விளையாட முடியாது. அது பிஎஸ்5இல் பிஎஸ்4 விளையாட்டுகளுக்கு மட்டும்தான். எக்ஸ்பாக்ஸ் கன்சோல் சாதாரண ப்ளூடூத் கண்ட்ரோலரை ஏற்காது, 'எக்ஸ்பாக்ஸுக்கு உரிமம் பெற்றது' என்று பெட்டியில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் என்றால் எக்ஸ்இன்புட் (விண்டோஸ் விளையாட்டுகள் கண்ட்ரோலரைப் புரிந்துகொள்ளும் முறை) ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செருகியதும் வேலை செய்யும். டூயல்சென்ஸ், ஸ்விட்ச் ப்ரோ போன்றவற்றை ஸ்டீம் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடைச் செயலி வழியாகச் சிக்கலில்லாமல் ஓட்டலாம், ஸ்டீமுக்கு வெளியே சில விளையாட்டுகள் அடம்பிடிக்கும். பழைய எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரைக் கைமாற்றாக வாங்கினால், நடுவில் உள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றிய பிளாஸ்டிக்கைக் கவனியுங்கள். அது முகப்போடு ஒன்றாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. பம்பரோடு (ட்ரிக்கருக்கு மேலே உள்ள பட்டன்) சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் 2016க்கு முந்தைய வகை, ப்ளூடூத் கிடையாது. இன்னொன்று, எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரை ப்ளூடூத்தில் இணைத்தால் அதன் ஹெட்ஃபோன் ஜாக் வேலை செய்யாது.

மொபைலில் மாட்டி விளையாடுவதாக இருந்தால் எடையைக் கூட்டிப் பாருங்கள். 280 கிராம் கண்ட்ரோலர்மேல் கிளிப் போட்டு 200 கிராம் போனை மாட்டினால் மொத்தப் பாரமும் முன்பக்கம் சாயும். அதைத் தாங்குவது மணிக்கட்டு. போனை ஸ்டாண்டில் தனியாக நிறுத்துவது நல்லது.

கையில் எடுத்துப் பார்க்க வழி

சென்னை ரிச்சி தெருவிலோ கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவிலோ கேட்டால் சில கடைக்காரர்கள் டெமோ வைத்திருப்பார்கள், பலர் வைத்திருக்க மாட்டார்கள். சீல் பிரிக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட இரண்டு வழிகள் எளிது. ஒன்று, மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாட விடும் கேமிங் கடைகள். அங்கே பெரும்பாலும் பிளேஸ்டேஷன்தான் இருக்கும், டூயல்சென்ஸை ஒரு மணி நேரம் முழுதாகப் பிடித்துப் பார்க்க அதைவிட மலிவான வழி கிடையாது. பத்து நிமிடம் போதாது. ஒத்துவராத கண்ட்ரோலரும் முதல் பத்து நிமிடம் இதமாகவே இருக்கும். இரண்டாவது, கைமாற்றாக விற்பவர்கள். வாங்காவிட்டாலும் பிடித்துப் பார்க்க விடுவார்கள்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், பணம் கட்டும் முன் 'ரிட்டர்ன்' என்று இருக்கிறதா 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்று இருக்கிறதா என்பதைக் கட்டாயம் படியுங்கள். கண்ட்ரோலருக்குப் பல விற்பனையாளர்கள் ரீப்ளேஸ்மென்ட் மட்டுமே தருகிறார்கள். கைக்கு ஒத்துவரவில்லை என்று நீங்கள் திருப்பிக் கொடுத்தால், வருவதும் அதே வடிவம்தான். உண்மையான ரிட்டர்ன் உள்ள விற்பனையாளரிடம் நூறு இருநூறு கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துவிடுங்கள்.

வந்த அன்றே செய்ய வேண்டியது: டேட்டா போகும் யூஎஸ்பி வயரால் கம்ப்யூட்டரில் இணைக்கவும். சார்ஜ் மட்டும் ஏறும் வயரைப் போட்டுவிட்டு கண்ட்ரோலர் பழுது என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. பிரவுசரில் கேம்பேட் சோதிக்கும் பக்கம் ஒன்றைத் திறந்து, இரண்டு ஸ்டிக்கையும் ஒவ்வொரு திசைக்கும் தள்ளி விடுங்கள். நடுவுக்குத் திரும்பியதும் எண் 0.05க்குள் இருந்தால் கவலையில்லை. 0.1ஐத் தாண்டி நின்றால் அது புதிதிலேயே டிரிஃப்ட், உடனே மாற்றுங்கள். ட்ரிக்கரை மெதுவாக அழுத்தும்போது எண் 0இலிருந்து 1 வரை படிப்படியாக ஏற வேண்டும். ஒரேயடியாக 1க்குத் தாவினால் அது வெறும் ஆன்-ஆஃப் பட்டன், கார் விளையாட்டுக்கு உதவாது. பிறகு நீங்கள் வழக்கமாக விளையாடும் விளையாட்டையே இரண்டு மணி நேரம் ஒரே அமர்வாக விளையாடுங்கள். மறுநாள் காலையில் கையை மடக்கி விரித்துப் பாருங்கள். வலி அப்போதுதான் உண்மையைச் சொல்லும்.

போலி டூயல்சென்ஸ் நிறைய உலவுகிறது. பின்பக்கப் பிடியை வெளிச்சத்தில் சாய்த்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அசலில் அந்தச் சொரசொரப்பு முழுக்க முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என்ற நுண்ணிய பிளேஸ்டேஷன் குறிகளால் ஆனது. ஒவ்வொரு குறியும் கூர்மையாகத் தெரியும். போலியில் அவை மங்கிப் போயிருக்கும், அல்லது வெறும் புள்ளிகளாக இருக்கும்.

வாங்கிய பிறகு

எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் கனமாகத் தெரிந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு யூஎஸ்பி-சி வயரில் ஓட்டுங்கள். ஒரு ஆல்கலைன் ஏஏ சுமார் 23 கிராம். இரண்டையும் எடுத்தால் எடை 240 கிராமுக்கு வந்துவிடும். வயர் பிடிக்காது என்றால் லித்தியம் ஏஏ போடலாம், ஒன்று 15 கிராம்தான். ரீசார்ஜ் செய்யும் ஏஏ சிக்கனமானது, ஆனால் ஆல்கலைனைவிடக் கொஞ்சம் கனம். முதலிலிருந்தே வயர் போதும் என்பவர்களுக்கு கேம்சர் ஜி7 எஸ்இ போன்ற பேட்டரியே இல்லாத ஹால் எஃபெக்ட் கண்ட்ரோலர்கள் நல்ல தேர்வு.

நம் ஊர் வியர்வைக்கு வெல்வெட் போல வழுவழுப்பான ரப்பர் பூச்சு உள்ள பிடி ஆகாது. புதிதில் இதமாக இருக்கும். ஈரப்பதத்தில் அந்தப் பூச்சு சிதைந்து, ஓரிரு வருடத்தில் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், துடைத்தாலும் போகாது. பிளாஸ்டிக்கிலேயே சொரசொரப்பு செதுக்கிய பிடியே நீடிக்கும். அது போதாவிட்டால் பின்பக்கம் ஒட்டும் மெல்லிய கிரிப் ஸ்டிக்கர் போடலாம். தடிமன் அரை மி.மீ.கூட ஏறாது, பழையதானால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். முழு சிலிகான் உறையைத் தவிர்த்துவிடுங்கள். பிடியைத் தடிமனாக்கி ஆட்காட்டி விரலை ட்ரிக்கரிலிருந்து தள்ளிவிடும், உள்ளே வியர்வையும் தேங்கும்.

ஸ்டிக் கொஞ்சம் கடினமாகத் தெரிந்தால் விளையாட்டின் செட்டிங்ஸில் சென்சிடிவிட்டியை ஒரு படி ஏற்றுங்கள். விரல் போக வேண்டிய தூரம் குறையும். டெட் ஜோனை (ஸ்டிக்கின் நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) 5 முதல் 10 சதவீதத்துக்குள் வைத்தால் லேசான டிரிஃப்ட்டும் தெரியாது. அடிக்கடி அழுத்தும் வேலை ட்ரிக்கரில் இருந்தால் அதை பம்பருக்கு மாற்றுங்கள். பிஎஸ்5இல் அக்சஸிபிலிட்டி பகுதியிலும், எக்ஸ்பாக்ஸில் அக்சஸரீஸ் ஆப்பிலும் பட்டன்களை இடம் மாற்றலாம்.

இவ்வளவு பார்த்தும் எதுவும் ஒத்துவரவில்லை, ஒரு கையால் மட்டும் விளையாட வேண்டும், விரல்களுக்குப் பலம் போதாது என்றால், இரண்டு பிடி உள்ள வடிவத்தையே விட்டுவிடலாம். மைக்ரோசாஃப்ட் 2018இல் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரை மேசைமேலோ மடியிலோ வைத்து இயக்கலாம். பின்பக்கத்தில் உள்ள 3.5 மி.மீ. ஜாக்குகளில் கால் பெடல், பெரிய பட்டன் என்று தனித்தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸிலும் வேலை செய்யும். பிஎஸ்5க்கு சோனி 2023 டிசம்பரில் கொண்டுவந்த ஆக்சஸ் கண்ட்ரோலர் இருக்கிறது: வட்டமாக, மேசையில் படுத்த நிலையில், பட்டன் மூடிகளையும் ஸ்டிக்கின் தூரத்தையும் நம் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. ஒரே பிஎஸ்5இல் இரண்டு ஆக்சஸ் கண்ட்ரோலரையும் ஒரு டூயல்சென்ஸையும் சேர்த்து, மூன்றையும் ஒரே ஆளின் கண்ட்ரோலராகப் பயன்படுத்தலாம். அழுத்த முடியாத பட்டன்களைப் பக்கத்தில் இருப்பவர் அழுத்திக் கொடுக்கவும் இதே வழி உதவும்.